கல்லில் நின்ற தமிழும் கணினியில் நிற்க வேண்டிய தமிழும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)





சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம்மில் பலர் தொழில் நாடி வந்தவர்கள். ஆயினும் தமிழ் இம்மண்ணிற்கு நம்மோடு வந்தது அன்று. திருமலைக் கோயிலைச் சார்ந்த ஆயிரத்திற்கு மேற்பட்ட கல்வெட்டுகளுள் பெரும்பாலன தமிழிலேயே அமைந்தவை. பல்லவ குலத்து அரசி சாமவை வெள்ளித் திருமேனி செய்தளித்த கொடையை நாம் அறிவது கல்வெட்டின் துணையால்தான். ஆனால் கல்லில் மட்டுமே இருந்த வரையில் அதனைப் படித்தோர் மிகச் சிலர். 1930களில் தேவஸ்தானத்தார், சாது சுப்பிரமணிய சாஸ்திரியார் முதலிய அறிஞர்களைக் கொண்டு அவற்றைப் படியெடுத்து நூல்களாக வெளியிட்ட பின்னரே அவை உலகத்தார் உடைமையாயின.

இதற்கு மறுதலையான வரலாறும் அங்கேயே உண்டு. அன்னமாச்சாரியார் (1408–1503) பாடிய சங்கீர்த்தனங்கள் செப்பேடுகளில் பொறிக்கப்பெற்றுக் கோயிலின் ஓர் அறையில் வைக்கப்பட்டன. செம்பு அழியவில்லை, ஆயினும் அவற்றுள் பெரும்பகுதி இருபதாம் நூற்றாண்டில் வெளிப்படும் வரை மறக்கப்பட்டே கிடந்தது. பொருள் அழியாதிருந்தால் மட்டும் போதாது. பலர் கைக்கும் அது எட்ட வேண்டும் என்பதே இவ்விரண்டும் நமக்கு உணர்த்தும் பாடம்.

இன்று தாளையும் ஓலையையும் படமெடுத்துக் கணினியில் சேர்ப்பது எளிது. ஆனால் கணினிக்கும் பூட்டு உண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழைத் தட்டச்சு செய்வோர் ஆளுக்கொரு எழுத்துருவைக் கையாண்டனர். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அத்தமிழ் பொருளற்ற குறிகளாகவே தோன்றிற்று. ஒரு நிறுவனத்தின் மென்பொருளால் மட்டுமே திறக்கவல்ல கோப்பும் அத்தகையதே. அந்நிறுவனம் மறைந்தால் கோப்பும் ஊமையாகும்.

இக்குறைக்கு மாற்றாக வந்ததே கட்டற்ற மென்பொருள். அதன் மூல நிரலை யாவரும் காணலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். நூலகப் பணிக்கென 2000ஆம் ஆண்டளவில் நியூசிலாந்தில் தோன்றிய அத்தகைய மென்பொருள் ஒன்றின் பெயர் கோஹா. மாவோரி மொழியில் அச்சொல்லுக்குக் கொடை என்பது பொருள். கொடைகளைக் கல்லில் பொறித்த மண்ணில் வாழும் நமக்கு இப்பெயர் புதுமையன்று!

தமிழரும் இவ்வறத்தில் பின்தங்கவில்லை. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாடுகளில் வாழும் தன்னார்வலர் உழைப்பால் தமிழ் இலக்கியங்களை எவரும் விலையின்றிப் பெறுமாறு வழங்கி வருகிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டு, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அத்துயரை அறிந்த ஈழத்தமிழர் 2005 முதல் ‘நூலகம்’ என்னும் இணைய நூலகத்தில் தம் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் திரட்டி வருகின்றனர்.

பெருஞ்சுவடிகளைக் காக்கத் திருப்பதியிலேயே 1939இல் நிறுவப்பெற்ற கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையம் உண்டு. நம் இல்லத்துப் பெட்டிகளில் கிடக்கும் சிறு தாள்களைக் காப்பவர் யார்? 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அந்நாட்களில் இம்மாவட்டத்துத் தமிழ்க் குடும்பங்கள் எவ்வாறு வாழ்ந்தன என்பதைக் கூற வல்லவை, பாட்டனார் எழுதிய கடிதங்களும் கணக்கேடுகளும் கூட்ட அழைப்பிதழ்களும் சங்க மலர்களுமே. நம் பிள்ளைகள் தெலுங்கும் ஆங்கிலமும் பயின்று வளர்கின்றனர், அது நன்றே. ஆனால் தமிழ் படிப்பார் இல்லாத வீட்டில் அத்தாள்கள் பழைய தாள் வாங்குபவரின் தராசிலன்றோ ஏறும்?

ஆதலின் சங்கத்தாருக்கு யாம் வேண்டுவன சில. முதலில் நம் ஆண்டு மலர்கள் அனைத்தையும் திரட்டிப் படமெடுப்போம். ஒவ்வொன்றிலும் எழுதியவர், ஊர், ஆண்டு ஆகியவற்றைக் குறிப்போம். உரியவரின் இசைவு பெற்றே வெளியிடுவோம். யாவரும் திறக்கவல்ல பொது வடிவில் சேமித்து, ஒரு படியைச் சங்கத்திலும், ஒரு படியை வேறூரிலும், ஒரு படியை இணைய நூலகத்திலும் வைப்போம். இளைஞர்கள் கணினியை இயக்கட்டும். முதியோர் அருகமர்ந்து பழைய கையெழுத்தைப் படித்துச் சொல்லட்டும். அவ்வேளையில் பிள்ளைகள் தமிழும் கற்பர் என்பது ஒருதலை.

பெட்டிகளை இவ்வாண்டே திறப்போமாக.