துருவினுள் துயிலும் சான்று



வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களை உலகம் தோல் பதனிடும் ஊர்கள் என்றே அறியும். அவ்வூர்ப் பக்கங்களில் கடைக்கால் தோண்டினும், ஏர் உழினும், மாழையறி கருவியால் நிலத்தைத் துழாவினும், துருவேறிய இரும்புத் துண்டுகள் கிட்டுவதுண்டு. அவற்றைப் பழைய இரும்புக் கடையில் எடைக்கு விற்பார் ஒருசாரார். எதைக் கண்டாலும் மூவேந்தர் காலத்து வாள் என்று முழங்குவார் மற்றொருசாரார். முன்னவர் சான்றை அழிக்கின்றனர். பின்னவர் சான்றைப் பிறர் நகைப்பிற்கு உள்ளாக்குகின்றனர். இரண்டுமே தமிழர் வரலாற்றிற்குக் கேடு.

திருப்பத்தூர்ப் பக்கத்துப் பையம்பள்ளியில் 1964-65, 1967-68 ஆகிய ஆண்டுகளில் நடுவணரசின் தொல்லியல் துறை அகழ்ந்தது. புதிய கற்காலக் கருவிகளும், அவற்றிற்குப் பின்வந்த பெருங்கற்கால மக்களின் கருப்புச் சிவப்பு மட்கலங்களும், இரும்பு உருக்கியதற்கான தடயங்களும் அங்கு வெளிப்பட்டன. அண்டை மாவட்டமான கிருட்டிணகிரியின் மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 எனக் கணிக்கப்பட்டதைத் தமிழக அரசு 2022-இல் அறிவித்தது. 2025 சனவரி 23 அன்று வெளியிடப்பட்ட அறிக்கையோ, பொருநையாற்றுப் பக்கத்துச் சிவகளையின் காலத்தைக் கி.மு. 3345 வரை கொண்டு சென்றது.

இக்காலங்களை உரைத்தது எது? இரும்பன்று, இரும்போடு கிடந்த கரி முதலியவையே! மண்ணடுக்கும், மட்கலமும், கரித்துண்டும் உடனிருந்தாலன்றி இரும்பு தன் அகவையை எளிதில் கூறாது. ஆகலின், தனியே பிடுங்கியெடுத்த இரும்பு, ஊர்பேர் மறந்த முதியவரை ஒக்கும்.

இனி, பொருளை அறியும் வகை யாது? ஆணியாயின் அதன் குறுக்குவெட்டைக் காண்க. சதுரமாய் நுனி நோக்கிக் கூம்பின் கொல்லன் அடித்தது. உருண்டு ஒரே பருமனாயின் பொறியில் செய்த கம்பியாணி. புழைகள் மலிந்து, உருகி வழிந்த வடிவுடைய கட்டி இரும்புக் கிட்டம். அது விலை போகாத கழிவெனினும், அங்கு உலைக்களம் இருந்திருக்கலாம் என்பதற்கு அதுவே தலையாய சான்று. சுட்ட மண்ணாலான ஊதுகுழல் துண்டும் உடன்கிடப்பின் ஐயம் பெரிதும் நீங்கும்.

இருமருங்கும் பிடியுடைய வளைந்த அலகு கிடைத்தால், அதனைப் போர்வாள் என்று கொள்ளற்க. தோலின் சதையைச் சீவும் தொழிலாளியின் கத்தியாக அஃது இருக்கலாம். அதனால் அதன் பெருமை குன்றாது. ஆவாரம்பட்டைச் சாற்றில் தோலைப் பதனிட்ட உழைப்பாளரின் வரலாறும் தமிழர் வரலாறே! இரும்பு உருண்டையாயின், 1749-இல் ஆர்க்காட்டு நவாபு அன்வருதீன் மாய்ந்த ஆம்பூர்ப் போரையும் நினைவிற் கொள்க. உருண்டையில் துளையிருப்பின் உள்ளே வெடிமருந்து இருத்தல் கூடும். அதனைத் தொடாது காவல் துறைக்கு அறிவித்தலே அறிவுடைமை.

துருவைச் சுரண்டித் துலக்குவது பெரும்பிழை. பொருளின் பழைய மேற்பரப்பும், அதன்மேற் படிந்த மரம், துணி ஆகியவற்றின் சுவடும் பெரும்பாலும் அத்துருவினுள்ளேயே உறைகின்றன. கிடந்த நிலையிலேயே படமெடுத்து, இடத்தையும் ஆழத்தையும் குறித்து, மேலும் தோண்டாது வட்டாட்சியர்க்கோ தொல்லியல் துறைக்கோ அறிவித்தல் வேண்டும். மண்ணில் மறைந்து கிடந்த, பத்து உருபாவிற்கு மேற்பட்ட மதிப்புடைய பொருளைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியர்க்கு எழுத்தால் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுப் புதையற் சட்டத்தின் கட்டளை.

உலை, துருத்தி, கிட்டம், எஃகு எனச் சொல் வளம் படைத்தது தமிழ். அச்சொற்களுக்குரிய பொருள்களோ இன்றும் மண்ணுள் கிடக்கின்றன. தமிழின் தொன்மையை மேடையில் முழங்குவோர் தத்தம் ஊர் மண்ணில் கிடைக்கும் ஒரு கிட்டக் கட்டியையேனும் இடங்குறித்துக் காப்பாராக! முழக்கம் காற்றோடு போகும். சான்றே மாற்றார் முன் நிற்கும்.