கைதானவனுக்கும் ஒரு வக்கீல் வேண்டும்

(இளைஞர்களும் வணிகப் பெருமக்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

"வழக்கறிஞர் சங்கங்களும் குடிமக்களின் உரிமையும்" என்ற தலைப்பை எனக்குத் தந்திருக்கிறார்கள். இது வக்கீல்களுக்குரிய விஷயம், நமக்கென்ன என்று நீங்கள் நினைக்கக்கூடும். அப்படி நினைத்ததால்தான், வீட்டில் ஒரு பிள்ளை கைதானால் முதல் நாள் தெரிந்தவர்களிடமும், இரண்டாம் நாள் கட்சிக்காரர்களிடமும் ஓடுகிறோம். வக்கீலிடம் மூன்றாம் நாள்தான் வருகிறோம். அதற்குள் பையன் ரிமாண்ட் ஆகி ஜெயிலுக்குப் போயிருப்பான். எதில் கையெழுத்துப் போட்டான் என்பது அவனுக்கே தெரியாது. அந்த முதல் இருபத்து நான்கு மணி நேரத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

சங்கத்துக்குள் ஒரு பிரிவு

வழக்கறிஞர் சங்கம் என்றால் உங்களுக்கு நினைவுக்கு வருவது எது? நீதிமன்றப் புறக்கணிப்பு, சங்கத் தேர்தல், நூலகம், சேம்பர். இவையெல்லாம் வக்கீல்களின் தேவைகள். ஆனால் கட்சிக்காரனுடைய, ஏன், வக்கீல் வைக்க வழியே இல்லாதவனுடைய உரிமைக்காக மட்டும் ஒரு சங்கம் தனியாக ஒரு பிரிவை நடத்த முடியுமா? முடியும் என்பதற்கு உதாரணம் உண்டு.

அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 1966-ஆம் ஆண்டு தனிமனித உரிமைகளுக்காக ஒரு பிரிவைத் தொடங்கியது. இன்று அது 'சிவில் உரிமை மற்றும் சமூக நீதிப் பிரிவு' என்ற பெயரில் இயங்குகிறது. ஒரு பிரச்சினையை எடுத்து ஆராய்வார்கள், அறிக்கை தயாரிப்பார்கள், பொதுச் சபையில் தீர்மானமாகக் கொண்டுவருவார்கள், இளம் வக்கீல்களுக்குப் பயிற்சி தருவார்கள், உரிமைகளுக்கென்றே பத்திரிகை நடத்துவார்கள். மரண தண்டனை வழக்குகளில் ஏழைகளுக்குத் தகுதியான வக்கீல் கிடைப்பதில்லை, நியாயமான நடைமுறை உறுதியாகும்வரை தண்டனையை நிறுத்தி வையுங்கள் என்று 1997-இல் அந்தச் சங்கம் தீர்மானம் போட்டது. அதற்கு முன்னின்றது இந்தப் பிரிவு.

அந்தச் சங்கம் எப்போதும் இப்படி இருந்ததா? இல்லை. 1912-இல் கறுப்பின வழக்கறிஞர்கள் உறுப்பினராகிவிட்டது தெரிந்ததும், அந்தச் சேர்க்கையையே நிர்வாகிகள் ரத்து செய்தார்கள். கதவு அடைக்கப்பட்ட கறுப்பின வழக்கறிஞர்கள் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. 1925-இல் தங்களுக்கென்று தேசிய வழக்கறிஞர் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1943-இல்தான் பழைய சங்கம் இனத்தை வைத்து யாரையும் ஒதுக்கக் கூடாது என்று தீர்மானித்தது. ஒதுக்கியவர்களின் சங்கத்திலேயே இன்று உரிமைக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. விடாமல் கதவைத் தட்டியவர்கள் இருந்ததால் வந்த மாற்றம் இது.

நம் நாட்டில் நடந்தது

நம் நாட்டிலும் இந்த மரபு இல்லாமல் இல்லை. 1936-இல் நேரு முன்முயற்சி எடுக்க, தாகூரைத் தலைவராகக் கொண்டு இந்தியக் குடியுரிமைச் சங்கம் தோன்றியது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல், ஜெயப்பிரகாஷ் நாராயணன் தொடங்கிய அமைப்பே இன்று மக்கள் சிவில் உரிமைக் கழகமாக, பி.யூ.சி.எல். என்ற பெயரில் இயங்குகிறது. அதைக் கட்டி வளர்த்தவர்களில் முதன்மையானவர் வி.எம். தார்குண்டே, நீதிபதி பதவியை விட்டு வந்து வழக்கறிஞராக நின்றவர். தொலைபேசியை அரசு இஷ்டம்போல் ஒட்டுக் கேட்க முடியாது என்ற 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பு இந்தக் கழகம் தொடுத்த வழக்கில்தான் கிடைத்தது.

1979-இல் பீகார் சிறைகளில் விசாரணைக் கைதிகள் வருடக்கணக்கில் கிடக்கிறார்கள் என்று ஒரு பத்திரிகையில் கட்டுரை வந்தது. எழுதியவர் ருஸ்தம்ஜி என்ற காவல்துறை உயர் அதிகாரி! அதைப் படித்துவிட்டு உச்ச நீதிமன்றம் போனவர் கபிலா ஹிங்கோரானி என்ற பெண் வழக்கறிஞர். குற்றம் நிரூபணமானால் கிடைக்கும் தண்டனையைவிட அதிகக் காலம் சிறையில் இருந்தவர்கள் அங்கே இருந்தார்கள். ஹுசைனாரா காத்தூன் வழக்கு என்று அதற்குப் பெயர். விரைவான விசாரணை அடிப்படை உரிமை என்று நீதிமன்றம் சொன்னது. ஆயிரக்கணக்கானோர் வெளியே வந்தார்கள். ஒரு வக்கீல் பத்திரிகையைப் படித்துவிட்டு மடித்து வைத்திருந்தால் அது நடந்திருக்குமா?

அடுத்து, தடா. 1985-இல் வந்த சட்டம். காவல்துறை எஸ்.பி. முன்னால் கொடுத்த வாக்குமூலமே சாட்சியம் என்று சொன்ன சட்டம். 70 ஆயிரம் பேருக்கும் மேல் உள்ளே தள்ளப்பட்டார்கள். தண்டனை பெற்றவர்களோ மிகச் சொற்பம். உரிமை அமைப்புகளும் வழக்கறிஞர்களும் இடைவிடாமல் குரல் கொடுத்தார்கள். மனித உரிமை ஆணையத் தலைவராக இருந்த நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா, இதை நீட்டிக்காதீர்கள் என்று நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கே கடிதம் எழுதினார். 1995 மே மாதம் அந்தச் சட்டம் காலாவதியானது. பின்னர் 2002-இல் பொடா வந்தது; 2004-இல் போனது. 1967-ஆம் ஆண்டின் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம் பலமுறை திருத்தப்பட்டு இன்று அந்த இடத்தில் நிற்கிறது.

குஜராத் அக்ஷர்தாம் கோயில் தாக்குதல் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2002-இல் நடந்தது கொடுமையான தாக்குதல். அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் பொடாவில் தண்டிக்கப்பட்ட ஆறு பேரையும் 2014 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. அவர்களில் மரண தண்டனை விதிக்கப்பட்டவர்களும் உண்டு. பத்து ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழிந்த வாழ்க்கையை யார் திருப்பிக் கொடுப்பது? தீர்ப்பு வரும்வரை அவர்களுக்காக வாதாட வக்கீல்கள் இருந்தார்கள் என்பதால்தான் அந்த உயிர்கள் மிஞ்சின.

யாருக்கும் ஆஜராக மாட்டோம் என்றால்?

இங்கேதான் சங்கங்களின் மறுபக்கத்தையும் நாம் பார்க்க வேண்டும். 2007 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் லக்னோ, வாரணாசி, ஃபைசாபாத் நீதிமன்ற வளாகங்களில் குண்டுகள் வெடித்தன. வழக்கறிஞர்களே பலியானார்கள். அந்தக் கோபத்தில், குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு எவரும் ஆஜராகக் கூடாது என்று வழக்கறிஞர் சங்கங்கள் தீர்மானம் போட்டன. முகம்மது ஷுஐப் என்ற மூத்த வழக்கறிஞர் அந்த வழக்கை எடுத்தார். 2008-இல் லக்னோ நீதிமன்ற வளாகத்திலேயே தாக்கப்பட்டார். வழக்கை விட்டாரா? விடவில்லை.

மும்பையில் ஷாஹித் ஆஸ்மி. இளம் வயதில் தடாவில் சிறை சென்றவர். சிறையில் இருந்தபடியே படிப்பைத் தொடர்ந்து, வெளியே வந்து வழக்கறிஞரானவர். 2010 பிப்ரவரி 11 அன்று தன் அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார், வயது 32. மும்பைத் தாக்குதல் வழக்கில் அவர் யாருக்காக வாதாடினாரோ, அந்த ஃபஹீம் அன்சாரி அதே ஆண்டு மே மாதம் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். 2012-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

இப்போது நம் கோயம்புத்தூருக்கு வாருங்கள். வக்கீல்களுக்கும் போலீசாருக்கும் மோதல். போலீசாருக்கு எங்கள் உறுப்பினர் எவரும் ஆஜராக மாட்டார் என்று அங்குள்ள வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டது. ஏ.எஸ். முகம்மது ரஃபி என்ற அந்த வழக்கில் 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: இப்படிப்பட்ட தீர்மானங்கள் செல்லாது; அரசியல் சட்டத்துக்கும் வழக்கறிஞர் தொழில் தர்மத்துக்கும் விரோதமானவை; சமூகம் எவ்வளவு வெறுத்தாலும் ஒரு மனிதனுக்காக வாதாட வக்கீல் இருக்க வேண்டும்.

கவனியுங்கள் சகோதரர்களே! அந்தத் தீர்ப்பில் வக்கீல் மறுக்கப்பட்டவர்கள் யார்? போலீஸ்காரர்கள்! அவர்களுக்குக் கிடைத்த அதே தீர்ப்பைத்தான் இன்று நம் பிள்ளைக்காக நாம் நீதிமன்றத்தில் காட்டுகிறோம். நமக்குப் பிடிக்காதவனின் உரிமையை விட்டுக் கொடுத்தால், நம் உரிமையின் அஸ்திவாரத்தை நாமே தோண்டுகிறோம்.

இதை மட்டும் மனதில் வையுங்கள்

வணிகர்களுக்கும் இளைஞர்களுக்கும் சில விஷயங்களைச் சொல்கிறேன். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. சட்டத்தின் பெயரும் பிரிவு எண்களும் மாறலாம். அரசியல் சட்டத்தின் 22-ஆவது பிரிவு மாறவில்லை.

ஒன்று: கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கைதே செல்லாது என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

இரண்டு: பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும்.

மூன்று: கைதுக் குறிப்பில் நேரமும் தேதியும் இருக்க வேண்டும். குடும்பத்தார் ஒருவரோ, அந்தப் பகுதியின் மதிப்புக்குரிய ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். இது டி.கே. பாசு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த விதி. பக்கத்துக் கடைக்காரரை அழைத்துப் போகிறார்கள் என்றால் ஷட்டரை இறக்கிவிட்டு நமக்கேன் வம்பு என்று இருக்காதீர்கள். அந்தச் சாட்சியாக நீங்கள் இருக்கலாம்.

நான்கு: வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். காவல்துறை அதிகாரியிடம் கொடுக்கும் குற்ற ஒப்புதல் சாதாரணச் சட்டத்தில் சாட்சியம் ஆகாது.

ஐந்து: மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தும்போது அடித்தார்களா என்பதை வாய் திறந்து சொல்ல வேண்டும். மருத்துவப் பரிசோதனை கேட்க வேண்டும்.

ஆறு: வழக்கைப் பொறுத்து 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகவில்லை என்றால் ஜாமீன் உரிமையாகிறது. ஆனால் மனுப் போட்டுக் கேட்க வேண்டும், கேட்காதவனுக்குக் கிடைக்காது. சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் நீதிமன்றம் இதை 180 நாள்வரை நீட்டிக்கலாம். அதே சட்டத்திலும், விசாரணை முடிவில்லாமல் நீண்டால் ஜாமீன் தரலாம் என்று கேரளத்திலிருந்து போன நஜீப் வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஏழு: பணம் இல்லை என்பதற்காக வக்கீல் இல்லாமல் நிற்காதீர்கள். காவலில் இருப்பவர் எவரானாலும், வருமானம் பார்க்காமல், சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தர வேண்டும். தொலைபேசி எண் 15100. இதைக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள்.

சாத்தான்குளம் சொல்லும் பாடம்

நான் ஒழுங்காக வியாபாரம் பார்க்கிறேன், எனக்கேன் இதெல்லாம் என்று கேட்கும் வணிகருக்கு ஒரே பதில், சாத்தான்குளம். 2020 ஜூன் 19. கைபேசிக் கடை வைத்திருந்த தந்தையும் மகனும் ஊரடங்கு நேரத்தை மீறிக் கடையைத் திறந்து வைத்ததாக அழைத்துச் செல்லப்பட்டார்கள். மறுநாள் ரிமாண்ட், கோவில்பட்டி கிளைச் சிறை. 22-ஆம் தேதி மகன் இறந்தார். 23-ஆம் தேதி தந்தை இறந்தார். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து விசாரணையைக் கையில் எடுத்தது. தமிழகமெங்கும் வணிகர்கள் கடையடைத்தார்கள். கடையடைப்பு நியாயம்தான். ஆனால் அது இறந்த பிறகு நடந்தது. உயிரோடு இருக்கும்போது, ரிமாண்ட் நேரத்தில், "ஐயா, இவர்களின் உடம்பைப் பாருங்கள்" என்று மாஜிஸ்திரேட்டிடம் சொல்ல ஒரு வக்கீல் அல்லவா வேண்டும்!

நாம் என்ன செய்ய வேண்டும்?

ஒவ்வொரு மாவட்ட வழக்கறிஞர் சங்கத்திலும் குடிமக்கள் உரிமைக்கென்று ஒரு பிரிவு வேண்டும் என்று நம் வக்கீல்கள் கேட்க வேண்டும். அதன் வேலை எளிமையானது. ரிமாண்டுக்கு ஓடி வர, இரவு பகல் முறை வைத்து இரண்டு வக்கீல்கள். மாதம் ஒருமுறை சிறைக்குப் போய், வக்கீல் இல்லாத விசாரணைக் கைதிகளின் பட்டியலை எடுத்தல். குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்டவருக்கு ஆட்கொணர்வு மனு. எந்த வழக்கு எத்தனை நாளாக நிற்கிறது என்று ஒரு பதிவேடு.

வணிகப் பெருமக்களே! இந்த வக்கீல்களுக்கும் வீடு வாசல் உண்டு. பஸ் செலவுக்கும் ஜெராக்ஸ் செலவுக்கும் பொது நிதி வேண்டும். கணக்கை வருடம்தோறும் வெளிப்படையாக வையுங்கள். இளைஞர்களே! என்ஜினீயரிங்கும் வளைகுடா வேலையும் மட்டும் படிப்பின் முடிவல்ல. ஒரு தெருவுக்கு ஒருவர் சட்டம் படியுங்கள்.

ஒரு நிபந்தனை. அந்தப் பிரிவு நம்மவருக்கு மட்டும் என்று இருக்கக் கூடாது. வாசலில் வந்து நிற்பவர் தலித் சகோதரரா, மீனவரா, இலங்கை அகதியா என்று கேட்கக் கூடாது. சாத்தான்குளத்தில் இறந்தவர்கள் நம் மதத்தவர் அல்லர். அக்ஷர்தாம் வழக்கில் வாதாடியவர்கள் எல்லோரும் முஸ்லிம்களும் அல்லர். உரிமை என்பது பொதுக் கிணறு. நமக்கு மட்டும் என்று வேலி போட்டால் நாளை நமக்கே தண்ணீர் இருக்காது.

இன்று இரவு வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்களுக்கு நம்பிக்கையான ஒரு வக்கீலின் எண்ணைக் குடும்பத்தில் எல்லோரும், குறிப்பாகப் பெண்கள், கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். மூன்றாம் நாள் தேடுவதைவிட முதல் மணி நேரத்தில் அழைப்பது நல்லது.