ஒயிலாட்டத்தை யார் கற்பிப்பது?



கிராமத்து இளையோருக்கு மரபாட்டங்களைக் கற்பிப்பது பற்றி இரண்டு நாள் பேச இராமநாதபுரத்தில் கூடியிருக்கிறோம். பொருளின் எல்லாப் பக்கங்களையும் தொட்டுச் செல்வது தலைமை உரையின் வழக்கம். நான் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒயிலாட்டத்தையும் கும்மியையும் யார் கற்பிப்பது, எங்கே வைத்துக் கற்பிப்பது?

ஆடியிலும் ஆவணியிலும் இந்த மாவட்டத்து ஊர்களில் முளைக்கொட்டுத் திருவிழா நடக்கும். நவதானியத்தை ஊறவைத்து, எருவும் வைக்கோலும் பரப்பிய பாத்திரத்தில் தூவி, வெளிச்சம் படாமல் பாரி வளர்ப்பார்கள். பாரி வளரும் அத்தனை இரவும் பெண்கள் முளைக்கொட்டுத் திண்ணைக்கு முன் கும்மி கொட்டுவார்கள், இளவட்டங்கள் ஒயிலாடுவார்கள். கடைசி நாள் பாரியை ஊருணியில் கரைப்பார்கள். இதற்கெல்லாம் பாடத்திட்டம் என்று எதுவும் இருந்ததில்லை. திருவிழாவுக்குள் ஆட்டம் கைகூடியாக வேண்டும் என்ற கெடு இருந்தது. பிள்ளைகளை மந்தைக்கு இழுத்து வந்தது அந்தக் கெடுதான்.

ஒயிலாட்டப் பயிற்சியைக் கிட்ட நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். இராச்சாப்பாடு முடிந்து பையன்கள் இரண்டு வரிசையாக நிற்பார்கள். கையில் துண்டோ கைக்குட்டையோ இருக்கும். காலில் சலங்கை இன்னும் ஏறியிருக்காது. வாத்தியார் ஓரடி பாடுவார். அவர்கள் அதை வாங்கிப் பாடுவார்கள். பாட்டு வாயில் நின்ற பிறகுதான் காலுக்கு வேலை. தேர்ந்தவன் முன்னால் நிற்பான், புதிதாக வந்த சிறுவன் வரிசைக் கடைசியில். அந்தச் சிறுவன் வாத்தியாரைப் பார்ப்பதே குறைவு. முன்னால் ஆடுகிறவனின் குதிகாலைப் பார்த்துத்தான் அடி பிடிக்கிறான். துணி வீசும் கை தாளத்துக்கு முந்தினால் வாத்தியார் பாட்டை நிறுத்திவிடுவார். ஒருவன் பிழைக்கு எல்லாரும் முதலிலிருந்து ஆட வேண்டும். வள்ளி திருமணமும் மதுரைவீரன் கதையும் எத்தனையோ பிள்ளைகளின் நெஞ்சில் இப்படித்தான் ஏறின.

2022இல் தொடங்கிய பள்ளிக் கலைத்திருவிழா அரசுப் பள்ளிப் பிள்ளைகளை மேடையேற்றியிருக்கிறது. அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் சில நிமிட மேடைக்காகப் பதிவு செய்த பாட்டைப் போட்டு ஆடும் பழக்கம் பரவிவருகிறது. ஆடுகிறவர்கள் பாடாத ஒயிலாட்டம் பாதி ஆட்டம்தான் என்பது என் உறுதியான கருத்து. 5 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கலை கற்பிக்க மாவட்டத் தலைநகரில் ஜவகர் சிறுவர் மன்றம் இருக்கிறது, நல்ல ஏற்பாடு. சாயல்குடிக்கு அப்பால் இருக்கும் ஊரிலிருந்து ஒரு சிறுமி வாராவாரம் அங்கே எப்படி வருவாள்?

போட்டியே கூடாது என்று நான் சொல்லவில்லை. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், ஓட்டாராவில் உள்ள ஒரு பள்ளியில் 1976இல் தொடங்கிய பாலிஃபெஸ்ட், இன்று பசிபிக் தீவு மக்களின் பெரிய மாணவர் விழா. அங்கே சமோவாப் பிள்ளைகளுக்கென்று தனி மேடை உண்டு. வரிசை வரிசையாக அமர்ந்து, கை வீச்சும் தட்டலும் ஒன்றுபோல விழ, சாசா ஆடுகிறார்கள். புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் தங்கள் தாய்மொழியில் தாங்களே பாடுகிறார்கள். மேடையிலும் பாட்டு பிள்ளைகளின் வாயில் இருக்க முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

நமக்கு இன்னும் கிட்டத்தில், இதே கடலின் அக்கரையில் ஒரு பாடம் இருக்கிறது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவந்தார். விடிய விடிய ஆடிய கூத்து செறிவான மேடை நாடகமாயிற்று. படித்தவர் நடுவே கூத்துக்கு மதிப்புக் கிடைத்தது. பின்னாளில் சி. ஜெயசங்கர் எதிர்த்திசையில் நடந்தார். மட்டக்களப்பின் சீலாமுனையில் கூத்து வாத்தியாரான அண்ணாவியாரோடும் ஊராரோடும் உட்கார்ந்து, எதை மாற்றுவது, எதை விடுவது என்று பேசிப் பேசிக் கூத்தை ஊருக்குள்ளேயே மீளுருவாக்கினார். முதல் வழியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நம் கரைக்கு இன்று தேவைப்படுவது இரண்டாவது வழி.

மந்தையைப் புகழ்கிறவன் ஒன்றை மறைக்கக் கூடாது. பல ஊர்களில் முளைக்கொட்டு ஒரு தெருவின், ஒரு சாதியின் திருவிழா. பக்கத்துத் தெருப் பிள்ளைக்கு அந்த வரிசையில் இடமில்லை. சாதி முத்திரை குத்தி ஒதுக்கப்பட்ட பறையை இன்று எல்லாச் சமூகத்து இளைஞர்களும் தோளில் மாட்டுகிறார்கள். பலருக்கு அதைக் கற்பித்த வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தத் திறப்பு ஒயிலுக்கும் கும்மிக்கும் வர வேண்டும். ஆகவே வாத்தியார் ஊர்க்காரராக இருக்கட்டும், ஆடுகளம் அரசுப் பள்ளி மைதானமாக இருக்கட்டும். அங்கே எந்தத் தெருப் பிள்ளையும் கேட்காமல் வந்து நிற்கலாம். கும்மிப் பாட்டுகளை மனப்பாடமாக வைத்திருக்கும் பாட்டிமாரையும் வாத்தியார் என்றே எழுதி, அதே ஊதியம் கொடுக்க வேண்டும். அவர்களை யாரும் இதுவரை ஆசிரியராக எண்ணிப் பார்க்காதது பெரிய அநியாயம்.

காலமும் வாய்ப்பாகவே இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பாம்பனிலும் மண்டபத்திலும் தங்கச்சிமடத்திலும் விசைப்படகுகள் கரையில் நிற்கும். பள்ளிகளுக்கும் கோடை விடுமுறை. அப்போது தொடங்கினால் ஆடி பிறப்பதற்குள் ஓர் அணி தேறிவிடும். மீனவர் ஊரில் மாதா கோவில் திருவிழாவுக்கும் உள்நாட்டு ஊரில் முளைக்கொட்டுக்கும் ஆட அந்தப் பயிற்சி உதவும்.

கட்டுரை படிக்க வந்திருக்கும் ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். திருவிழா இரவை மட்டும் படம்பிடித்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். பயிற்சி இரவுகளில் போய் உட்காருங்கள். வாத்தியார் எங்கே நிறுத்துகிறார், எதைத் திருத்துகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அவர் ஒப்பினால் அவர் பெயரைக் கட்டுரையின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். பதிவின் ஒரு படியை அந்த ஊர்ப் பள்ளியில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

அடுத்த தடைக்காலத்தில், கடற்கரையோரம் பத்து அரசுப் பள்ளிகளிலாவது ஊர் வாத்தியார்களை ஊதியத்தோடு அமர்த்த வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்தையும் பள்ளிக் கல்வித் துறையையும் கேட்கும் தீர்மானத்தை நாளை மாலை இந்த அவை நிறைவேற்றித் தர வேண்டும் எனக் கேட்டு, ஆய்வரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.