முகம் சொல்லாத துயர்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. நேயர்களே, அம்மொழி பொய்த்துப்போகும் ஒரு நோயைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

உடல் வற்றி மெலிந்த பின்னும், பருத்துவிடுவோமோ என்னும் அச்சத்தால் உணவை மறுக்கும் உளநோய் ஒன்று உண்டு. இளம் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படுவது. உயிரையும் பறிக்க வல்லது. 1873-ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் சர் வில்லியம் கல் இதற்கு ‘அனொரெக்சியா நெர்வோசா’ என்று பெயரிட்டார். அதே ஆண்டில் பாரிஸ் மருத்துவர் லாசேக், உற்றார் கலங்கி நிற்க, நோயுற்றவள் மட்டும் கவலையற்றவள்போல் தோன்றுவதைக் குறித்தார்.

அத்தோற்றத்தின் உண்மை யாது? இலண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2010-க்குப் பிந்திய ஆண்டுகளில் இதனை ஆராய்ந்தனர். நகைப்பும் சோகமும் ஊட்டும் திரைப்படக் காட்சிகளை நோயுற்றோருக்கும் நலமுள்ளோருக்கும் காட்டி, அவர்கள் முகங்களைப் படம் பிடித்தனர். நலமுள்ளோர் முறுவலித்த இடங்களில் நோயுற்றோர் முகம் அந்த அளவுக்கு மலரவில்லை. ஆயினும், உள்ளத்தில் எழுந்ததைக் கேட்டபோது அவர்கள் சொல்லவே செய்தார்கள். உணர்ச்சி வற்றிவிடவில்லை, அது முகத்துக்கு வரும் வழியே அடைபட்டிருந்தது.

பட்டினியும் இதற்கு ஓரளவு காரணம் எனலாம். அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944, 1945-ஆம் ஆண்டுகளில் ஆன்சல் கீஸ் நடத்திய சோதனையில், உடல் நலமுள்ள 36 ஆடவர் 24 வாரங்கள் அரைப்பட்டினி இருந்தனர். அவர்களும் நகைச்சுவை இழந்து, தமக்குள் ஒடுங்கினர். இவ்வுளநோயிலோ, உணர்ச்சியை வெளியிட்டால் பிறர் வெறுப்பர் என்னும் அச்சமும் பலரிடம் சேர்ந்துகொள்கிறது.

இதனால் விளையும் தீங்கு பெரிது. தாய் கண்ணீர் விடுகிறாள். மகள் முகத்தில் சலனமில்லை. “இவளுக்குக் கல்நெஞ்சம்” என்று வீட்டார் கடிந்துகொள்கிறார்கள். புன்னகைக்கு மறுபுன்னகை கிட்டாத தோழியர் மெல்ல விலகுகிறார்கள். துணை மிகவும் வேண்டிய வேளையில் அவள் தனியளாகிறாள். தனிமை நோயை வளர்க்கிறது.

ஆகவே, மருத்துவரிடம் காலந்தாழ்த்தாது அழைத்துச் செல்வதோடு நம் கடமை முடிவதில்லை. முகத்தைப் பார்த்து மனத்துக்குத் தீர்ப்பு வழங்காதிருக்க வேண்டும். “உனக்கு என்னம்மா செய்கிறது?” என்று வாய்விட்டுக் கேட்டு, விடை வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். நோய் நீங்கியோரிடம் இக்குறை தணிந்திருப்பதையும் ஆய்வாளர் கண்டிருக்கிறார்கள். அம்முகம் மீண்டும் மலரும். அதுவரை அதன் சார்பில் நாம்தான் நம்பிக்கை கொள்ள வேண்டும்.