தெக்கோங்கில் ஐசி ஆவது எப்படி?

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் இளையர் - பெற்றோர் சந்திப்பில், நம் புளோக்கில் வசிக்கும் ஒருவர் ஆற்றிய உரை. வர இயலாதவர்களுக்காக எழுத்து வடிவில் தருகிறோம்.)



அடுத்த சில மாதங்களில் தேசிய சேவைக்குப் போகவிருக்கும் தம்பிகளுக்கும், அவர்களைவிட அதிகமாகக் கவலைப்படும் பெற்றோருக்கும் ஏதாவது பேசுங்கள் என்று சங்கத்தில் கேட்டார்கள். தலைப்பைப் பெற்றோரே கொடுத்துவிட்டார்கள்: "பயிற்சியின்போதே தலைமைப் பொறுப்பு கிடைக்க என் மகன் என்ன செய்ய வேண்டும்?"

நான் அதிகாரியாக இருந்தவன் இல்லை. முழுநேரச் சேவையில் சார்ஜண்ட். தெக்கோங் தீவில் செக்‌ஷன் கமாண்டராகச் சில பேட்ச் பிள்ளைகளைப் பார்த்தவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில், இங்கே குடியேறிய குடும்பங்களுக்காக ஒரு விளக்கம். 1967 முதல் நம் நாட்டில் தேசிய சேவை கட்டாயம். குடிமக்களின் மகன்களோடு, பெற்றோர் வழியாக நிரந்தரவாசிகளான பையன்களுக்கும் அது உண்டு. முழுநேரச் சேவை இரண்டு ஆண்டு. ராணுவத்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலோருக்குத் தொடக்கம் புலாவ் தெக்கோங்கில் உள்ள அடிப்படை ராணுவப் பயிற்சி நிலையம். உடல் தகுதி உள்ளவர்களுக்குப் பயிற்சி ஏறக்குறைய ஒன்பது வாரம். எடை கூடியவர்களுக்கும் உடற்தகுதித் தேர்வில் தேறாதவர்களுக்கும் இன்னும் நீளும்.

அங்கே ஐசி என்றால் அடையாள அட்டை என்று நினைத்துவிடாதீர்கள். 'இன் சார்ஜ்' என்பதன் சுருக்கம் அது. ஒரே பங்க்கில் படுத்து எழும் பத்துப் பதினைந்து பேர் ஒரு செக்‌ஷன். சில செக்‌ஷன்கள் சேர்ந்தால் பிளட்டூன். சில பிளட்டூன்கள் சேர்ந்தால் கம்பெனி. இவற்றுக்கு மேலே சார்ஜண்ட்டுகளும் லெப்டினன்ட்டுகளும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கீழே, பயிற்சிக்கு வந்த பையன்களிலிருந்தே ஒருவரை செக்‌ஷன் ஐசியாக வைப்பார்கள். அப்படியே பிளட்டூன் ஐசி, கம்பெனி ஐசி.

இந்தப் பொறுப்புக்குப் பட்டை கிடையாது, கூடுதல் படி கிடையாது, கூடுதல் விடுப்பும் கிடையாது. எல்லோருக்கும் உள்ள அதே மொட்டைத் தலைதான். ஏதாவது தவறு நடந்தால் முதலில் கூப்பிடுவது அவரைத்தான். பிறகு ஏன் அதற்கு மதிப்பு? ஒரு பையன் தன்னைத் தவிர இன்னும் பதினைந்து பேரைப் பற்றி யோசிக்க முடியுமா என்று ராணுவம் பார்க்கும் முதல் இடம் அதுதான்.

முதல் வாரத்தில் நியமிக்கப்படும் ஐசியைப் பார்த்து யாரும் ஏங்க வேண்டாம். அப்போது எங்களுக்கு யாரையும் தெரியாது. பள்ளியில் என்சிசியில் இருந்தவர், குரல் பெரிதாக உள்ளவர், உயரமானவர் என்று யாரையாவது பிடித்து நிறுத்துவோம். பல கம்பெனிகளில் பொறுப்பைச் சுழற்சியாகவும் கொடுப்பார்கள். சில வாரம் போன பிறகுதான், பார்த்ததை வைத்து ஆள் தேர்ந்தெடுப்போம். அதனால் தம்பிகளே, பொறுப்பு வருவதற்கு முன்பு நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்பதே கணக்கு.

அப்படி என்ன பார்க்கிறோம்?

முதலாவது, எண்ணிக்கை. ஒவ்வொரு முறை அணிவகுக்கும்போதும் ஐசி ஆள்கணக்கு சொல்ல வேண்டும். மொத்தம் எத்தனை பேர், இங்கே எத்தனை பேர், மருத்துவ நிலையத்தில் எத்தனை பேர், வேறு வேலையாகப் போனவர் யார். கேட்க எளிது. காலை ஐந்தரை மணிக்கு, அரைத் தூக்கத்தில், மூன்று பேர் இன்னும் படி இறங்கிக்கொண்டிருக்கும்போது சொல்லிப் பாருங்கள், தெரியும். சிலர் உத்தேசமாக ஒரு எண்ணைச் சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார்கள். அந்த எண்ணில் குறையும் ஒருவர் கழிப்பறையில் மயங்கிக் கிடக்கலாம். யார் எங்கே என்று தெரியாதவரிடம் கையெறிகுண்டுப் பயிற்சி நாளில் ஒரு செக்‌ஷனை எப்படி ஒப்படைப்பது?

ஐசி ஆகாதவரும் இதைச் செய்யலாம். முதல் இரவே பங்க்கில் உள்ள எல்லோருடைய பெயரையும் கேட்டு மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். "டேய், நீ" என்று கூப்பிடுபவருக்கும் பெயர் சொல்லிக் கூப்பிடுபவருக்கும் உள்ள வித்தியாசம் இரண்டே நாளில் தெரிந்துவிடும்.

இரண்டாவது, தண்ணீர். கடும் பயிற்சிக்கு முன் எல்லோரும் சேர்ந்து நின்று தண்ணீர் குடிப்பதை 'வாட்டர் பரேட்' என்பார்கள். நம் ஊர் வெயிலிலும் புழுக்கத்திலும் வெப்பத்தாக்கு உயிரையே எடுத்துவிடும். குடிப்பதுபோல் உதட்டை நனைத்துவிட்டுப் புட்டியை மூடும் பையன் ஒவ்வொரு செக்‌ஷனிலும் இருப்பார். சார்ஜண்ட்டின் கண்ணுக்குத் தப்பினாலும், பக்கத்தில் நிற்கும் நண்பன் கண்ணுக்குத் தப்பாது.

ஐசி வேலையில் மிகக் கடினமான நேரமும் இதைச் சார்ந்தே வரும். நண்பனுக்குக் காய்ச்சல் அடிக்கிறது. "சார்ஜண்ட்கிட்ட சொல்லாதேடா. சொன்னா நாளைக்கு ஓட்டத்துல விடமாட்டாங்க" என்று கெஞ்சுகிறார். சொன்னால் நட்பு கசக்கும். சொல்லாவிட்டால்? மறுநாள் மதியம் அவர் எங்கே விழுவார் என்று யாருக்குத் தெரியும்? நல்ல ஐசி அவரையும் அழைத்துக்கொண்டு போய்ச் சொல்லிவிடுவார். காட்டிக்கொடுத்தாய் என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவர், மூன்றாம் நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சாப்பிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, கடைசி ஆள். ஒரு செக்‌ஷனின் வேகம் என்பது அதில் மெதுவானவரின் வேகம்தான். ஒருவர் தாமதமாக வந்தால் எல்லோருக்கும் புஷ்-அப். இதனால் மெதுவானவர்மேல் எல்லோருக்கும் கோபம் வரும்.

என் செக்‌ஷனில் ஒரு பையன் தினமும் கடைசியாக இறங்கி வருவார். அந்த வாரத்து ஐசி படிக்கட்டில் நின்று கத்துவார். கத்தக் கத்த அந்தப் பையனின் கை இன்னும் நடுங்கும். அடுத்த வாரம் வேறொருவர் ஐசி ஆனார். அமைதியானவர், அதிகம் பேசாதவர். அவர் இரவில் அந்தப் பையனின் கட்டிலில் உட்கார்ந்து, "உனக்கு எதில் நேரம் போகிறது?" என்று கேட்டார். பூட்ஸ் கயிறு கட்டுவதில்தான். அதுவரை இழுத்து மாட்டும் காலணியே போட்டுப் பழகியவர். இரண்டு இரவு கட்டிப் பழக்கிவிட்டார்கள். பிறகு அந்த செக்‌ஷன் நேரத்துக்கு இறங்கியது. அந்த ஐசியை நாங்கள் மாற்றவே இல்லை.

இப்போது, பொறுப்பை இழக்க வைக்கும் மூன்று வழிகளைச் சொல்கிறேன்.

ஒன்று, வாயாங். கூத்து என்று பொருள்படும் இந்த மலாய்ச் சொல் முகாமில் எல்லோருக்கும் தெரியும். சார்ஜண்ட் பார்க்கும்போது மூட்டை தூக்குவது, அவர் திரும்பியதும் உட்கார்ந்துவிடுவது. இது மேலே இருப்பவர்களுக்குக் கொஞ்ச நாள் தெரியாமல் போகலாம், பங்க்கில் உள்ளவர்களுக்கு இரண்டு நாளில் தெரிந்துவிடும். பயிற்சியின்போது பையன்கள் ஒருவரையொருவர் மதிப்பிடும் 'பியர் அப்ரைசல்' உண்டு. மேலே போட்ட நாடகம் எல்லாம் அந்தத் தாளில் வெளியே வந்துவிடும்.

இரண்டு, கத்தல். அணிவகுப்புத் திடலில் குரல் வேண்டும். பங்க்குக்குள் அதே குரல் தேவையில்லை. "என் பையன் கூச்ச சுபாவம், அவனால் கத்த முடியாது" என்று கவலைப்படும் தாய்மார்களே, திடலில் கத்துவதைப் பத்து நாளில் பழக்கிவிடலாம். நம் ராணுவத்தில் அணிவகுப்புக் கட்டளைகள் மலாய் மொழியில். 'செடியா' என்றால் நேராக நில், 'செனாங் டிரி' என்றால் தளர்ந்து நில். பக்கத்தில் நிற்கும் சீனப் பையனுக்கும் அது வீட்டு மொழி இல்லை, உங்கள் மகனுக்கும் இல்லை. இருவரும் ஒன்றாகத்தான் கற்றுக்கொள்கிறார்கள். தமிழ்ப் பிள்ளை என்பதால் பின்னால் நிற்க வேண்டியதில்லை.

மூன்று, எல்லாவற்றையும் தானே செய்வது. இது நல்ல பையன்கள் விழும் குழி. பத்துப் பேரின் கட்டிலைத் தானே சரிசெய்து, குப்பையைத் தானே கொட்டி, மூன்றாவது வாரத்தில் சோர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். வேலையைப் பிரித்துக் கொடுங்கள். வேகமானவரை மெதுவானவருக்குத் துணையாகப் போடுங்கள். வீட்டில் பத்துப் பேர் வரும் விசேஷத்தை உங்கள் அம்மா எப்படி நடத்துகிறார் என்று கவனியுங்கள். யாருக்கு எந்த வேலை, எது முதலில், எது பிறகு. அதேதான்.

சரி, ஐசி பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டால்? எடுப்பார்கள். சில நேரம் தவறுக்காக, பல நேரம் அடுத்தவருக்கும் வாய்ப்பு வேண்டும் என்பதற்காக. அப்போதுதான் நாங்கள் இன்னும் கூர்ந்து கவனிப்போம். புதிய ஐசி தடுமாறும்போது பழைய ஐசி கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறாரா, அல்லது சத்தமில்லாமல் போய், "நம் கணக்கு பதினான்கு, ஒருவர் மருத்துவ நிலையத்தில்" என்று காதில் சொல்லிவிட்டு வரிசைக்குத் திரும்புகிறாரா? இரண்டாவது ஆளின் பெயரை நாங்கள் குறித்துக்கொள்வோம்.

பெற்றோருக்கு இரண்டு விஷயம்.

பயிற்சியின் நடுவில் காட்டில் தங்கும் 'ஃபீல்ட் கேம்ப்' வரும். மழை, சேறு, கொசு, பொட்டல உணவு. படுத்தால் உடம்பு மறையும் அளவு குழியைத் தாங்களே வெட்ட வேண்டும். அந்த நாள்களில் பெற்றோரின் கடிதங்களைக் கொடுக்கும் வழக்கம் உண்டு. கடிதம் எழுதச் சொல்லிக் கேட்டால் தயவுசெய்து எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள். "ஆபீசராகத் திரும்பி வா" என்று எழுதாதீர்கள். தங்கை அவன் கட்டிலைப் பிடித்துக்கொண்டதை எழுதுங்கள். அவன் வந்ததும் என்ன சமைக்கப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். டார்ச் வெளிச்சத்தில் அதைப் படித்து அழாத பையனை நான் பார்த்ததில்லை. ஐசியும் அழுவார். அழுது முடித்து, எழுந்து, மற்றவர்களுக்கு நெஞ்சுரம் வர நாலு வார்த்தை பேசுவார்.

இன்னொன்று. பயிற்சி முடிந்ததும் சிலர் அதிகாரி பயிற்சிப் பள்ளிக்கும், சிலர் சார்ஜண்ட்டுகளை உருவாக்கும் பள்ளிக்கும், மற்றவர்கள் வேறு பிரிவுகளுக்கும் போவார்கள். ஐசியாக இருந்தது அதற்கு உதவும், உத்தரவாதம் தராது. உடற்தகுதி, கமாண்டர்களின் மதிப்பீடு, படையின் தேவை என்று பலவும் சேர்ந்தே முடிவாகும். உங்கள் மகன் ஓட்டுநராகவோ, மருத்துவ உதவியாளராகவோ, ஸ்டோரில் கணக்குப் பார்ப்பவராகவோ வந்து நின்றால், உறவினர் முன்னால் "ஏன் ஆபீசர் ஆகலை?" என்று கேட்டுவிடாதீர்கள். ஒரு கேள்வியில் இரண்டு ஆண்டையும் வீணாக்கிவிடுவீர்கள்.

தம்பிகளே, போவதற்கு முன் செய்ய வேண்டியவை. வாரம் மூன்று நாள் ஓடுங்கள். உடற்தகுதித் தேர்வில் 2.4 கிலோமீட்டர் ஓட்டம், புஷ்-அப், சிட்-அப் மூன்றும் உண்டு. உங்கள் துணியை நீங்களே துவையுங்கள், கட்டிலை நீங்களே விரியுங்கள். இரவு பத்தரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுந்து பழகுங்கள். மின்தூக்கியில் பார்க்கும் அண்டை வீட்டாரின் பெயரைக் கேட்டு நினைவில் வையுங்கள். இந்தப் பழக்கம் பங்க்கில் முதல் நாளே கைகொடுக்கும்.

பயிற்சியின் கடைசிக் கட்டம் 24 கிலோமீட்டர் நடை. முழுச் சுமையோடு நடக்க வேண்டும். முன்னால் நடப்பவர் யார் என்று எல்லோரும் பார்ப்பார்கள். நாங்கள் வரிசையின் வாலைப் பார்ப்போம். கால் கொப்புளித்து நொண்டும் கடைசி ஆளுடன் பேசிக்கொண்டே ஒருவர் வந்துகொண்டிருப்பார். அவரை ஐசி என்று யாரும் நியமித்திருக்காமலும் இருக்கலாம். அந்த செக்‌ஷனைக் கேட்டால் அவர் பெயரைத்தான் சொல்லும்.

கேள்வி உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலை புளோக்கின் கீழ்த்தளத்துக்கு வாருங்கள். பூட்ஸ் கயிறு கட்டவும் சொல்லித் தருகிறேன்.