சாமசர மலையடியில் மீட்பைப் பேசுதல்



அரநாயக்கவில் மீட்பைப் பற்றிப் பேச வருகிறவர் மலையைப் பார்த்துவிட்டுத்தான் மேடையேற வேண்டும். 2016 மே 17ஆம் திகதி மாலை, சாமசர மலையின் ஒரு பக்கம் அறுந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் தூரத்துக்கு வழிந்து இறங்கியது. சிரிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே ஊர்கள் அதன் வழியில் இருந்தன. ரோனு சூறாவளியோடு வந்த மழை மூன்று நாளில் 400 மில்லிமீற்றரைத் தாண்டியிருந்தது. இறந்தவர்களும் காணாமற்போனவர்களும் நூற்றுக்கு மேல். பலருடைய உடல் கிடைக்கவேயில்லை. அதே மழையில் புளத்கொஹுப்பிட்டிய களுப்பான தோட்டத்தில் லயன் வீடுகள் ஆட்களோடு மண்ணுக்குள் போயின.

பெந்தெகொஸ்து ஞாயிறு முடிந்து இரண்டு நாள். வெசாக் வர இன்னும் நான்கு நாள். சிரிபுர பக்கம் பெரும்பாலும் சிங்கள பௌத்த ஊர்கள். களுப்பானவில் மாண்டவர்கள் தமிழ்த் தோட்டக் குடும்பங்கள். ஆகவே மீட்பு என்ற இந்த ஆய்வரங்கின் தலைப்பு, அயலார் வீட்டு இழவிலும் நின்று பேசப்படும் தலைப்பு. இழவு வீட்டில் காரணம் சொல்லத் தொடங்குகிறவரை யாரும் மதிப்பதில்லை.

காரணம் சொல்லும் பழக்கம் கிறிஸ்தவர்களிடமும் உண்டு. “பாவம் பெருகியது, மலை சரிந்தது” என்று ஒவ்வொரு அனர்த்தத்தின் பின்னும் ஏதாவது ஒரு பிரசங்கி சொல்லிவிடுகிறார். இயேசுவின் காலத்தில் சீலோவாமில் ஒரு கோபுரம் இடிந்து 18 பேர் செத்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று அவரே மறுத்ததை லூக்கா 13ஆம் அதிகாரத்தில் எழுதிவைத்திருக்கிறார். சரிவுக்குக் காரணம் தேட வேண்டுமானால் மழையளவையும் மண்ணையும் சாய்வையும் ஆராயும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேட்கலாம். பலியானவர்களின் நடத்தையில் தேடக் கூடாது.

அப்படியானால் மீட்பு எதைச் சொல்கிறது? இதற்கு விடை இந்தத் தோட்டங்களின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1854இல் தொடங்கிய ‘தமிழ்க் கூலி மிஷன்’ திருநெல்வேலி உபதேசியார்களைக் கொண்டு மலையகத்தில் சுவிசேஷம் சொன்னது. துரைமார் கொடுத்த பணமும் அதில் இருந்தது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. அதே காலத்து மலையகத்தில் ஆட்களைக் கட்டிவைத்தது ‘துண்டு’. தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் ஆளை விடுவோம் என்று எழுதிய காகிதம் அது. புதிய தோட்டம் பணம் கட்டும், கங்காணி ஆட்களை ஓட்டிக்கொண்டு போவார், கடன் மட்டும் தொழிலாளியின் தலையிலேயே தொடரும். இந்த முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. இப்படி மீண்டும் மீண்டும் ‘மீட்கப்பட்டும்’ விடுதலை காணாத மக்களிடம், கடன் முழுதும் தீர்ந்தது, இனி எந்தத் துரையும் உன்னை உரிமை கொண்டாட முடியாது என்ற செய்தி எப்படி ஒலித்திருக்கும்! ஏட்டு இறையியல் படித்தவர்களைவிட அதை அவர்கள் கூர்மையாகவே கேட்டிருப்பார்கள்.

ரூத்தின் கதையிலும் மீட்பு இப்படித்தான் கைக்கெட்டும் தூரத்தில் நடக்கிறது. கணவனையும் இரண்டு மகன்மாரையும் இழந்த நகோமி, அந்நிய நாட்டு மருமகள் ரூத்தோடு வெறுங்கையாகத் திரும்பி வருகிறாள். மருமகள் வயலில் சிந்திய கதிர் பொறுக்குகிறாள். நிலத்தை மீட்கும் உரிமை மிக நெருங்கிய உறவினன் ஒருவனுக்கு இருந்தது. தன் சொத்துக்குக் குந்தகம் வரும் என்றதும் அவன் விலகிக்கொண்டான்; போவாஸ் முன்வந்தான். 1948இல் குடியுரிமை இழந்து, 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்டு, 1981 ஓகஸ்டில் இரத்தினபுரித் தோட்டங்களில் தாக்கப்பட்டு ஓடிய மக்களுக்கு அந்த முதல் உறவினனை நன்றாகவே தெரியும். திருச்சபை அந்த இடத்தில் நின்ற சந்தர்ப்பங்களும் உண்டு என்பது கசப்பான உண்மை.

மாறாக நின்றவர்களும் உண்டு. குருநாகல் அங்கிலிக்கன் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க, 1983 ஜூலை வன்முறைக்குப் பின் எழுதிய கடைசி மேய்ப்புக் கடிதத்தில், சிங்களக் கிறிஸ்தவர்கள் வெட்கத்தை ஒப்புக்கொண்டு தமிழரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். அவரே சிங்களவர். அவ்வாண்டு ஒக்டோபரில் மறைந்தார். துயரத்தில் இருப்பவனுக்கு நம்பிக்கை ஊட்டும் பேச்சு குற்ற ஒப்புதலிலிருந்தும் தொடங்கலாம் என்பதற்கு இலங்கையில் இதைவிடத் தெளிந்த சான்று கிடைப்பது அரிது.

உடல் கிடைக்காதவர்களின் விடயம் இன்னும் கடினம். நவம்பர் 2ஆம் திகதி கல்லறைத் திருநாளில் கத்தோலிக்கக் குடும்பங்கள் புல்லைச் செதுக்கி, மெழுகுதிரி ஏற்றி, பெயர் சொல்லி மன்றாடும். மண்ணே மூடிய ஒருவருக்கு எங்கே திரி ஏற்றுவது? கடலும் தன்னிடமுள்ள மரித்தோரைத் திருப்பித் தரும் என்கிறது வெளிப்படுத்தல் நூல். கிறிஸ்தவ நம்பிக்கை உயிரோடு உடலையும் சேர்த்து எதிர்பார்க்கிறது. ஆனால் அதற்கு முன் அழுகைக்கும் இடம் வேண்டும். 88ஆம் சங்கீதம் ஆறுதல் எதுவுமின்றி இருளிலேயே முடிகிறது. அதையும் வேதத்துக்குள் வைத்தவர்கள் விவரமறிந்தவர்கள். 1943இல் ஹம்பர்க் குண்டுவீச்சில் பக்கத்தில் நின்ற நண்பனைப் பறிகொடுத்த இறையியலாளர் யூர்கன் மோல்ட்மன், போர்க்கைதி முகாமில் கையில் கிடைத்த வேதாகமத்தில் முதலில் ஒன்றிப்போனதும் புலம்பல் சங்கீதங்களில்தான். அவருடைய ‘நம்பிக்கையின் இறையியல்’ 1964இல்தான் வெளிவந்தது. இடையே ஏறத்தாழ இருபது ஆண்டுகள்.

கட்டுரை வாசிக்க வந்திருக்கும் அறிஞர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஆய்வுகள் நூலகத்தோடு நின்றுவிட வேண்டாம். கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களில் சரிவுகளில் தப்பியவர்களின் வாய்மொழியைத் தமிழிலும் சிங்களத்திலும் பதிவு செய்யுங்கள். ஆலயப் பதிவேடுகளில் இறந்தோர் பெயர்களைத் தேடிச் சேர்த்துவையுங்கள். சரிவு அபாயமுள்ள இடங்களில் இன்னும் லயன்களில் குடியிருப்போருக்குப் பாதுகாப்பான காணியும் உறுதிப்பத்திரமும் கேட்கும் தீர்மானம் ஒன்றை, இன்று மாலை கலைவதற்குள் இந்த அவை நிறைவேற்ற வேண்டும்.