சாவித்திரியின் மறுப்பு: தமிழ்த் திரையில் பெண்

தமிழ்த் திரையில் பெண் அடக்கத்திலிருந்து விடுதலைக்குப் படிப்படியாக ஏறி வந்தாள் என்று நம் துறை நண்பர்கள் எழுதியும் கற்பித்தும் வருகிறார்கள். முதலில் பத்தினி, அடுத்து வேலைக்குப் போகிறவள், இன்று தன் வாழ்வைத் தானே தீர்மானிப்பவள் என்பது அவர்கள் வைக்கும் வரிசை. அதை நான் ஏற்றதில்லை. அதற்கு ஒரு பழைய படமே முதல் சான்று.

கல்கியின் கதையைக் கே. சுப்பிரமணியம் 1939-இல் 'தியாக பூமி'யாக எடுத்தார். படப்பிடிப்புக் காட்சிகளின் படங்களோடு கதை ஆனந்த விகடனில் தொடராகவும் வந்தது. எஸ். டி. சுப்புலட்சுமி ஏற்ற சாவித்திரி, கணவன் ஸ்ரீதரனால் கைவிடப்பட்டவள். பெற்ற குழந்தையைத் தன் தந்தையிடம் சேர்த்துவிட்டுப் பம்பாய் போகிறாள். செல்வத்தோடு உமாராணியாகத் திரும்புகிறாள். இப்போது ஸ்ரீதரன், அவள் தன்னோடு வாழ வேண்டும் என்று வழக்குத் தொடுக்கிறான். அவள் மறுக்கிறாள், வேண்டுமானால் அவனுக்கு ஜீவனாம்சம் தருவதாகவும் சொல்கிறாள். இதன் கனத்தை அன்றைய சட்டத்தோடு வைத்துத்தான் அளக்க வேண்டும். சென்னை மாகாணத்தில் இந்துக்களுக்கு மணவிலக்குச் சட்டம் வந்தது 1949-இல். நாடு தழுவிய இந்து திருமணச் சட்டம் 1955-இல். சட்டம் வாய் திறக்கும் முன்பே திரையில் ஒரு மனைவி நீதிமன்றத்தில் நின்று 'முடியாது' என்றுவிட்டாள். அவள் செல்வம் உழைத்துச் சேர்த்ததன்று, உறவின் வழி வந்தது. ஆகவே இது வெறும் கனவு என்பார்கள். செல்வம் வந்த வழி எதுவானாலும், கையில் காசில்லாத பெண்ணின் மறுப்புக்கு ஆயுள் இல்லை என்பதை இந்தக் கதை புரிந்துவைத்திருக்கிறது. பின்னால் வந்த பல படங்கள் அதை மறந்தன. முடிவில் அவள் தேச விடுதலைப் போராட்டத்தில் இறங்குகிறாளே, கணவனுக்குப் பதில் தேசம் என்றுதானே ஆயிற்று என்பது இன்னொரு வாதம். அதில் நியாயம் உண்டு. ஆயினும் அந்தப் பாதை அவள் தேர்ந்தது. ஒரே படம் மரபாகாது என்பதையும் ஒப்புகிறேன். ஆனால் பதினாறு ஆண்டு கழித்து, அந்தத் திருமணச் சட்டம் வந்த அதே 1955-இல், 'கணவனே கண் கண்ட தெய்வம்' என்ற தலைப்பிலேயே ஒரு படம் வந்தது. ஏறிக்கொண்டே போகும் வரிசையில் இதை எங்கே வைப்பது?

பின்வந்தவற்றைச் சுருக்கமாகவே தொடுகிறேன். 'அவள் ஒரு தொடர்கதை'யின் (1974) கவிதா சம்பாதிக்கிறாள். ஆனால் சம்பளமே அவளைக் குடும்பத்தோடு கட்டிப்போடுகிறது. 'அவள் அப்படித்தான்' (1978) மஞ்சுவை யாருக்கும் ஏற்றபடி திருத்தாமல் விட்டது. அந்த வழியில் தொடர்ந்து வந்தவர் குறைவு. '36 வயதினிலே' (2015) நாயகியின் வெற்றியைக் கணவனும் மகளும் தரும் மதிப்பால் அளக்கிறது. வேலைக்குப் போகிறாளா என்பதை விட்டுவிட்டு, அவள் மறுத்தால் கதை அவளை என்ன செய்கிறது என்று கேட்டால் நம் வரலாறு வேறு விதமாக எழுதப்படும்.

அப்படி எழுத, பழைய பாட்டுப் புத்தகங்கள், தணிக்கை ஆவணங்கள், துணைப் பாத்திரங்களாகவே நின்றுவிட்ட விதவைகளும் வேலைக்காரப் பெண்களும், படத்துக்குப் படம் பெண்களுக்குக் கிடைத்த வசனத்தின் அளவு என்று ஆராய வேண்டியவை நிறைய. முக்கியமாக, 1931 முதல் 1950 வரை வந்த படங்களுக்குப் பெண் பாத்திரங்களை முன்வைத்து ஒரு முழு அட்டவணை வேண்டும். முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் முதலில் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.